60 ஜிஎஸ்எம் நான்-ஓவன் பைக்கு ஏன் அபராதம்?

தமிழ்நாட்டில் 60 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 60 கிராம் எடை) கணக்கு உங்களைக் காப்பாற்றாது. அந்த எடைக்குக் குறையாத நான்-ஓவன் (நெய்யாத) பையை அனுமதிப்பது மத்திய அரசு விதி. 2019 ஜனவரி 1 முதல் இங்கே ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பொருட்களுக்கு இருக்கும் மாநிலத் தடையில் நான்-ஓவன் பையும் சேர்த்தி.

டீலர் 'துணிப்பை' என்றே பில் போட்டிருப்பார் (பலரும் அப்படித்தான் விற்கிறார்கள்). பார்க்கத்தான் துணி, சரக்கு பாலிபுரொப்பிலீன் என்ற பிளாஸ்டிக். சந்தேகம் இருந்தால் ஒரு சின்னத் துண்டை வெட்டி, வெட்டவெளியில் இடுக்கியால் பிடித்துக் கொளுத்துங்க. உருகி மணியாகத் திரண்டால் பிளாஸ்டிக். சாம்பலாக உதிர்ந்தால் பருத்தி.

ஆனால் 2023-ல் உச்ச நீதிமன்றம் இதே மாநில உத்தரவில் இருக்கும் பேப்பர் கப் தடையை உறுதி செய்துவிட்டு, நான்-ஓவன் பையை மட்டும் மறுபரிசீலனை செய்யச் சொன்னது. அடுத்த ஆர்டருக்கு முன் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இப்போதைய பட்டியலைப் பார்த்துவிடுங்க.