கோல்கொண்ட் வழியாக ஒரு சைக்கிள்

அன்புள்ள ஐயா,

போன மாதம் பிரான்ஸில் எக்ஸான்ப்ரோவான்ஸ் பக்கம் ஷாத்தோ லா கோஸ்த் என்ற திராட்சைத் தோட்டத்துக்கு அக்கா வீட்டார் கூட்டிப் போனார்கள். ஒயின் தயாரிக்கும் இடம். ஆனால் நுழைந்ததும் தண்ணீரின் மேல் சிற்பி லூயிஸ் பூர்ஷுவாவின் பெரிய சிலந்திச் சிற்பம், பக்கத்திலேயே ஜப்பானியக் கட்டிடக் கலைஞர் ததாவோ ஆண்டோ கட்டிய கான்கிரீட் கட்டிடம். கொடிகளுக்கு நடுவே நடந்து சிற்பங்களைப் பார்த்துவிட்டு அங்கேயே சாப்பிட்டோம். ஒயின் விற்கத்தான் கலையா என்று ஓர் உறுத்தல். ஆனாலும் அந்தக் கான்கிரீட்! நம் ஊரில் இப்படி ஒன்று எந்தக் காலத்தில் வரும்?

வாசகர், முத்தியால்பேட்டை, புதுச்சேரி

அன்புள்ள தம்பி,

ஒயின் விற்கத்தான் கலையா? இருக்கட்டுமே. கோயில் வாசலில் தேங்காய்க் கடை இல்லையா? என்ன சாப்பிட்டீர்கள் என்று எழுதாததுதான் எனக்குக் குறை.

கடைசி வரிதான் எரிச்சல் மூட்டியது. வந்து எண்பது வருஷம் ஆகிறது, ஐயா! கோல்கொண்ட். உங்கள் வீட்டிலிருந்து சைக்கிளில் பத்து நிமிஷம். அரவிந்தர் ஆசிரமத்தின் விடுதி, ஹைதராபாத் நிஜாம் அரசின் பணம் வந்ததால் அங்குள்ள கோல்கொண்டாவின் பெயர். வரைந்தவர் அந்தோனின் ரேமண்ட், செக் நாட்டுக்காரர். டோக்கியோவில் பூச்சில்லாத கான்கிரீட்டில் தன் வீட்டையே கட்டிக்கொண்டவர். 1937-இல் இங்கே வேலை தொடங்கியது. நீங்கள் வியக்கும் ஆண்டோ 1941-இல் பிறந்தபோது கோல்கொண்ட் எழும்பிக்கொண்டிருந்தது. தாத்தா வீட்டைத் தாண்டிப் போய்ப் பேரனைப் பார்த்துவிட்டு வந்து, நம் ஊரில் எப்போது என்கிறீர்கள். உள்ளே போக அனுமதி வேண்டும். சரி, கேளுங்கள்! பிரான்ஸ் போக விசா கேட்கவில்லையா?

என் அப்பா கொத்தனார். சனிக்கிழமை கூலி வாங்கியதும் என்னை சைக்கிள் பாரில் உட்கார வைத்து அந்தப் பக்கமாகத்தான் வருவார். ஒரு காலை ஊன்றி நின்று அண்ணாந்து பார்ப்பார். கண்ணாடி சன்னலே கிடையாது. வடக்கிலும் தெற்கிலும் சுவருக்குப் பதில் திருப்பிவிடக்கூடிய பலகைகள், வரிசை வரிசையாக. "வெயிலுக்கு விலாவைக் காட்டிக்கிட்டு காத்துக்கு மாரைக் காட்டுது பாரு" என்பார். கூரைக்கு மேலே இன்னொரு கூரையாக வளைந்த கான்கிரீட் ஓடுகள். அதையும் சொல்வார், ஒவ்வொரு வாரமும், புதிதாகச் சொல்வதுபோல.

அப்புறம் அவரே ஒரு வீட்டுக்கு மேற்கே பார்த்து ஆளுயரக் கண்ணாடி வைத்தார். வீட்டுக்காரர் கேட்டார், வைத்தார். அன்றைக்கு நாங்கள் வேறு தெரு வழியாக வீட்டுக்கு வந்தோம்.