ஒரே ரக்பி வீரர் இரண்டு நாடுகளுக்கு ஆட முடியுமா? கிளப் ஒரு நாட்டில், தேசிய அணி வேறு நாட்டில் என்பது எப்படி?

முடியும். ஆனால் ஒரே ஒரு முறைதான் மாறலாம், அதற்கும் மூன்று ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். இந்த விஷயம் எனக்குப் புரிந்த விதத்திலேயே சொல்லிவிடுகிறேன்.

2018இல் வேலைக்காக இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகருக்கு வந்தேன். மதுரையில் கிரிக்கெட் பார்த்து வளர்ந்தவனுக்கு ரக்பி என்றால் முட்டை வடிவப் பந்து என்பதற்கு மேல் எதுவும் தெரியாது. அலுவலக நண்பர் ஒருவர் விடாப்பிடியாக ஆஷ்டன் கேட் மைதானத்துக்கு இழுத்துப் போனார். அந்த ஊர்க் கிளப்பான பிரிஸ்டல் பேர்ஸ் அணியின் வீரர் பட்டியலில் பியூட்டாவ் என்று இரண்டு பேர் இருந்தார்கள். அண்ணன் சியாலே பசிபிக் தீவு நாடான டோங்காவின் வீரர். தம்பி சார்லஸ் நியூசிலாந்து வீரர். அச்சுப் பிழை என்றுதான் முதலில் நினைத்தேன். பக்கத்து இருக்கைப் பெரியவர் சிரித்துவிட்டு, இடைவேளை முழுவதும் எனக்குப் பாடம் எடுத்தார்.

அவர் சொன்னதன் சாரம் இது. ஒரு நாட்டுக்காக ஆட அந்த நாட்டின் பாஸ்போர்ட் தேவையில்லை. அங்கே பிறந்திருக்க வேண்டும். அல்லது தாய், தந்தை, தாத்தா, பாட்டி இவர்களில் ஒருவராவது பிறந்திருக்க வேண்டும். இரண்டும் இல்லையென்றால் அங்கே தொடர்ந்து குடியிருக்க வேண்டும். குடியிருப்புக் காலம் முன்பு மூன்று ஆண்டுகள். அதை ஐந்தாக உயர்த்த 2017இல் முடிவெடுத்தார்கள். சார்லஸ் நியூசிலாந்தின் ஆக்லாந்தில் பிறந்தவர், குடும்பம் டோங்காவைச் சேர்ந்தது. ஆகவே இரண்டு கதவுகளும் அவருக்குத் திறந்திருந்தன. அவர் நியூசிலாந்தின் கதவுக்குள் போனார். அண்ணன் டோங்கா அணியின் தலைவராகவே ஆனார்.

இதைவிட வேடிக்கையான வீடு ஒன்று உண்டு. அலாலாடோவா சகோதரர்களில் மைக்கேல் இன்னொரு பசிபிக் தீவு நாடான சமோவாவுக்குத் தலைமை தாங்கியிருக்கிறார், ஆலன் ஆஸ்திரேலியாவுக்கு. அப்பா 1991இல் சமோவாவுக்கு ஆடியவர். அந்த வீட்டில் எந்தப் பாட்டு தேசிய கீதம் என்று எனக்கு இன்றும் சந்தேகம்தான்.

இப்போது கிளப் விஷயம். நம் ஊரில் வாரியம்தான் முதலாளி. ஐபிஎல் வருடத்தில் இரண்டு மாதம். இங்கிலாந்து, பிரான்ஸ் ரக்பியில் அது தலைகீழ். மாதச் சம்பளம் கொடுப்பது கிளப். தேசிய அணி அழைக்கும்போது, குறிப்பிட்ட சில வாரங்களுக்கு, வீரரை விட்டுத்தர வேண்டும் என்று உலக ரக்பி என்ற சர்வதேச அமைப்பின் விதி கிளப்பைக் கட்டுப்படுத்துகிறது. அயர்லாந்திலும் நியூசிலாந்திலும் தேசிய ரக்பிச் சங்கமே பெரிய முதலாளி என்பதால் அங்கே இந்த இழுபறி குறைவு.

இழுபறி எங்கே கடுமையாகிறது என்றால், வீரர் வெளிநாட்டில் சம்பளம் வாங்கும்போது. உள்நாட்டில் ஒப்பந்தம் உள்ளவர்களைத்தான் நியூசிலாந்து தேசிய அணிக்கு எடுக்கும். இங்கிலாந்தும் ஏறக்குறைய அப்படித்தான். 2014இல் ஐரோப்பாவின் சிறந்த வீரர் விருது வாங்கிய ஸ்டெஃபன் ஆர்மிட்டேஜ் பிரான்ஸின் டூலான் கிளப்பில் இருந்தார் என்பதற்காக இங்கிலாந்து அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. அடுத்த ஆண்டு சொந்த மண்ணில் நடந்த உலகக் கோப்பையில் முதல் சுற்றோடு வீட்டுக்குப் போனது. ஆஸ்திரேலியா அதே 2015இல் விதியைத் தளர்த்தி, டூலானில் இருந்த மேட் கிட்டோவை அழைத்து இறுதிப் போட்டி வரை போனது. அந்த விதிக்கு அவர் பெயரே நிலைத்துவிட்டது. தென் ஆப்பிரிக்காவோ 2019இலிருந்து யார் எங்கே ஆடினாலும் எடுத்துக்கொள்கிறது. 2019, 2023 இரண்டு உலகக் கோப்பைகளும் அவர்களிடம்தான். அடைத்துவைப்பதால் அணி வலுவாகும் என்பவர்கள் இதற்கு என்ன பதில் வைத்திருக்கிறார்கள் என்று எனக்குத் தெரிந்துகொள்ள ஆசை.

சார்லஸுக்கு வருகிறேன். நியூசிலாந்துக்காக 17 டெஸ்ட் ஆடினார் (டெஸ்ட் என்றால் இங்கே இரு நாட்டு அணிகள் மோதும் ஆட்டம், ஒரு டெஸ்ட்டுக்கு ஒரு கேப் என்பது கணக்கு, அந்தக் காலத்தில் உண்மையாகவே தொப்பி கொடுத்தார்கள்). 2015இல் வெளிநாட்டு கிளப்போடு ஒப்பந்தம் போட்டார். அந்த ஆண்டு உலகக் கோப்பை அணியில் அவர் பெயர் இல்லை. வயது 23. வாஸ்ப்ஸ், அல்ஸ்டர் அணிகளில் ஆடி, 2018இல் பிரிஸ்டலுக்கு வந்தார். ஆண்டுக்குப் பத்து லட்சம் பவுண்டு என்று பத்திரிகைகள் எழுதின. பணத்துக்காக நாட்டை விட்டவர் என்று சிலர் சொல்வார்கள். ரக்பி வீரரின் முழங்கால் எத்தனை ஆண்டு தாங்கும் என்று யோசித்துவிட்டு அதைச் சொல்லலாம்.

எனக்கு இன்னும் பிடித்தவர் ஸ்டீவன் லுவாட்டுவா. அவரும் ஆக்லாந்தில் பிறந்தவர், சமோவா வம்சாவளி, நியூசிலாந்துக்கு 15 கேப். 2017 தொடக்கத்தில் பிரிஸ்டலோடு ஒப்பந்தம் போட்டார். அந்தப் பருவம் முடியும்போது பிரிஸ்டல் கடைசி இடத்துக்கு வந்து இரண்டாம் பிரிவுக்கு இறக்கப்பட்டது. நியூசிலாந்தின் கறுப்பு உடையில் உலகம் சுற்றியவர், சொன்ன சொல் மாறாமல் வந்து, சின்ன மைதானங்களில் சேற்றில் புரண்டு, பிரிஸ்டலை மேலே கொண்டுவந்த அணியில் இருந்தார். பிறகு எங்கள் தலைவரும் ஆனார். பயிற்சியாளர் பாட் லாமும் ஆக்லாந்தில் பிறந்து சமோவாவுக்கு ஆடியவர்தான். இதே லாம் அயர்லாந்தின் கானக்ட் அணியில் இருந்தபோது அழைத்துவந்த பண்டீ ஆக்கி, மூன்று ஆண்டு குடியிருப்பு விதியால் 2017இல் அயர்லாந்து வீரரானார். அவரும் ஆக்லாந்துக்காரர், பெற்றோர் சமோவாக்காரர்கள். ஒரே நகரத்துப் பிள்ளைகள் எத்தனை நாடுகளுக்குப் பிரிந்து போயிருக்கிறார்கள், பாருங்கள்.

ஒருமுறை ஒரு நாட்டுக்கு டெஸ்ட் ஆடிவிட்டால் ஆயுளுக்கும் அந்த நாடுதான் என்பதே பழைய சட்டம். டெஸ்ட் அல்லாத ஆட்டமென்றால் தப்பிக்கலாம். எங்கள் கேலம் ஷீடி கார்டிஃபில் பிறந்தவர். 2019இல் இங்கிலாந்து உடையில், பல நாட்டு வீரர்களை அழைத்துச் சேர்க்கும் பார்பேரியன்ஸ் அணியை எதிர்த்து ஆடினார். அது டெஸ்ட் கணக்கில் வராது என்பதால் 2020இல் வேல்ஸ் வீரரானார். சார்லஸுக்கும் லுவாட்டுவாவுக்கும் அந்த வழியும் இல்லை. நியூசிலாந்து கூப்பிடாது, டோங்காவும் சமோவாவும் கூப்பிட முடியாது.

2022 ஜனவரி முதல் சட்டம் மாறியது. கடைசி டெஸ்ட் ஆடி மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தால், தான் பிறந்த நாட்டுக்கோ, பெற்றோர் அல்லது தாத்தா பாட்டி பிறந்த நாட்டுக்கோ ஒரு முறை மாறலாம். குடியிருப்பை வைத்து மாற முடியாது. இரத்த உறவோ பிறந்த மண்ணோ இருக்க வேண்டும். 2023 உலகக் கோப்பையில் லுவாட்டுவா சமோவா அணியில் இருந்தார். சார்லஸ் டோங்கா அணியில். கூடவே நியூசிலாந்தோடு 2015 உலகக் கோப்பையை வென்ற மலகாய் ஃபெகிட்டோவாவும்.

இதனால் தீவு நாடுகள் உலகைப் புரட்டிப் போட்டன என்று நினைக்காதீர்கள். டோங்கா ருமேனியாவை மட்டும் வென்றது. அயர்லாந்து அதை 59-16 என்று தோற்கடித்தது. சமோவா இங்கிலாந்திடம் 18-17 என்று ஒரே புள்ளியில் தோற்ற இரவில் நான் யார் பக்கம் என்று எனக்கே தெரியவில்லை. நல்ல வீரர்கள் கிடைத்தாலும், ஒன்றாகப் பயிற்சி செய்ய நாட்கள் வேண்டும், சங்கத்தில் பணம் வேண்டும். தீவு வீரர்களை நாட்டுக்கு ஆடப் போகாதே என்று சில கிளப்புகள் மறைமுகமாக நெருக்குவதாகவும் நீண்டகாலமாகவே புகார் உண்டு.

கிளப் ரசிகனுக்கும் ஒரு வயிற்றெரிச்சல் இருக்கிறது. பிப்ரவரியில் ஆறு நாடுகள் போட்டி தொடங்கினால் எங்கள் இங்கிலாந்து வீரர்கள் காணாமல் போய்விடுவார்கள். அந்தப் போட்டியில் இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் மோதுவது கல்கத்தா கோப்பைக்காக. 1878இல் கலைந்துபோன கல்கத்தா ரக்பி கிளப், மிச்சமிருந்த வெள்ளி ரூபாய்களை உருக்கிச் செய்துகொடுத்த கோப்பை அது. கைப்பிடிகள் நாகப்பாம்பு, மூடியில் யானை. இரண்டு நாடுகள் அடித்துக்கொள்வதற்கு ஒரு கிளப் தன் கடைசிக் காசைக் கொடுத்திருக்கிறது.

மீண்டும் பழைய நாட்டுக்கே திரும்ப முடியுமா என்றால், முடியாது. சார்லஸ் இனி டோங்கா வீரர்தான். ஆனால் அவர் டோங்காவின் சிவப்பு உடையை 2022இல் போட்டபோது, சியாலே 2019 உலகக் கோப்பையோடு அதைக் கழற்றிவைத்திருந்தார். அண்ணன் தம்பி இருவரும் ஒரே நிற உடையில் ஓடியதை நான் பார்த்தது ஆஷ்டன் கேட்டில் மட்டும்தான்.