கொலராடோ மலையிடுக்குகளை ரயிலில் பார்க்க எப்படித் திட்டமிடுவது? ஸ்லீப்பர் எடுக்க வேண்டுமா?

டென்வரில் ஏறி க்ளென்வுட் ஸ்பிரிங்ஸில் இறங்குவதாக இருந்தால் ஸ்லீப்பர், அதாவது படுக்கையுள்ள தனியறை, வேண்டாம். ஏறத்தாழ 6 மணி நேரப் பயணம், முழுக்கப் பகலில். அந்தப் பணத்தைத் தங்குவதற்கு வைத்துக்கொள்ளுங்கள். சாதாரணப் பெட்டியிலேயே இருக்கை நன்றாகச் சாயும், காலை நீட்ட இடமும் தாராளம்.

நீங்கள் கேட்பது அமெரிக்கப் பயணிகள் ரயில் நிறுவனமான ஆம்ட்ராக்கின் கலிபோர்னியா செஃபர் ரயிலைப் பற்றி என்று எடுத்துக்கொள்கிறேன். சிகாகோவிலிருந்து சான் பிரான்சிஸ்கோவுக்கு எதிர்க்கரையில் இருக்கும் எமரிவில் வரை, 3,900 கிலோமீட்டருக்கு மேல் ஓடுகிற வண்டி. முழுத் தூரமும் போனால் இரண்டு இரவு வண்டியிலேயே கழியும். அப்போது ஸ்லீப்பரைப் பற்றி யோசிக்கலாம். ஆனால் நீங்கள் கேட்ட மலையிடுக்குகளில் பெரும்பாலானவை டென்வருக்கும் க்ளென்வுட் ஸ்பிரிங்ஸுக்கும் நடுவிலேயே வந்துவிடுகின்றன.

டிக்கெட் தேடும் முன் நீங்கள் பார்க்க வேண்டியது ஒன்றுதான்: அந்தத் தேதியில் எத்தனை மணிக்கு இருட்டுகிறது? நான் இதைப் பார்க்காமல் ஒருமுறை டிசம்பரில் மேற்கிலிருந்து டென்வருக்கு வந்தேன். மலையைக் குடைந்து போகும் மொஃபட் சுரங்கத்துக்குள் நுழையும்போது பனி மேல் மங்கலாக வெளிச்சம் இருந்தது. மறுபக்கம் வெளியே வந்து கொஞ்ச நேரத்தில் ஜன்னலில் என் முகம்தான் தெரிந்தது. அடுத்தடுத்துச் சின்னச் சின்னச் சுரங்கங்களாக வரும் அந்த அருமையான இறக்கம் முழுக்க இருட்டில் போயிற்று. தப்பு என்னுடையதுதான்.

அதனால் டென்வரிலிருந்து மேற்கே போகிற 5ஆம் எண் வண்டியை எடுங்கள். காலையில் கிளம்புவதால் மலை ஏறுவதும் கேன்யன்கள் எனப்படும் மலையிடுக்குகளும் பகலிலேயே வரும். ஆனால் அது சிகாகோவிலிருந்து இரவெல்லாம் ஓடி வருகிற வண்டி. வழியில் பல இடங்களில் தண்டவாளம் சரக்கு ரயில் நிறுவனங்களுக்குச் சொந்தம். எதிரே நீளமான சரக்கு ரயில் வந்தால் ஒதுங்கிக் காத்திருக்க வேண்டியிருக்கும். இரண்டு மூன்று மணி நேரத் தாமதம் பெரிய அதிசயமில்லை. ஜூனில் அப்படி நடந்தால் கவலையில்லை, எட்டு மணிக்கும் வெளிச்சம் இருக்கும். பனி உருகி ஆறும் நிறைந்து ஓடும். செப்டம்பர் கடைசியில் ஆஸ்பென் மரங்கள் மஞ்சளாகிவிடும். எனக்குப் பிடித்த காலம் அதுதான், ஆனால் பகல் குறைவு.

சரி, வண்டியில் ஏறியதும் என்ன செய்வது? பெரிய கண்ணாடி ஜன்னல்களோடு ஒரு லவுஞ்ச் பெட்டி இருக்கும். எந்த டிக்கெட் வைத்திருப்பவரும் போய் உட்காரலாம், முன்பதிவு கிடையாது. துண்டு போட்டு இடம் பிடிக்கும் நம்மூர் வித்தையை அங்கே காட்ட வேண்டாம், முறைப்பார்கள். டென்வரை விட்டதுமே போய்விடுங்கள். மலை ஏறும் முன் ஒரு பெரிய வளைவில் மண் நிரப்பிய பழைய சரக்குப் பெட்டிகள் வரிசையாக நிற்கும். மலையிலிருந்து அடிக்கிற காற்று ரயிலைக் கவிழ்த்துவிடாமல் இருக்க அவற்றை நிரந்தரமாக அங்கேயே நிறுத்திவிட்டார்கள். அப்புறம் மொஃபட் சுரங்கம்: 1928இல் திறந்தது, 10 கிலோமீட்டர் நீளம், உள்ளே உச்சி 9,239 அடி. டீசல் புகை உள்ளே வராமலிருக்க, அதைக் கடக்கும் வரை பெட்டி விட்டுப் பெட்டி போகாதீர்கள் என்று அறிவிப்பார்கள். தேநீர் வேண்டுமென்றால் அதற்கு முன்பே வாங்கிவிடுங்கள்.

கிரான்பி தாண்டியதும் கொலராடோ ஆறு கூடவே வரத் தொடங்கும். முதலில் பையர்ஸ் கேன்யன், பிறகு கோர் கேன்யன். கோர் கேன்யனுக்குள் சாலையே கிடையாது. ஆறும் தண்டவாளமும் மட்டும்தான். பாறைச் சுவர் ஜன்னலுக்கு அவ்வளவு அருகில் வருவதால் அதன் உச்சியைப் பார்க்கக் குனிந்து கழுத்தைத் திருப்ப வேண்டும். படமெடுக்க நினைத்தால் அடர்நிறச் சட்டை போட்டுக்கொள்ளுங்கள், வெள்ளைச் சட்டை கண்ணாடியில் அப்படியே பிரதிபலிக்கும். இன்னொன்று: ஆற்றில் ராஃப்ட் எனும் மிதவைப் படகில் போகிறவர்கள் ரயிலைக் கண்டதும் கால்சட்டையை இறக்கிப் பின்பக்கம் காட்டுவது இங்கே பழைய வேடிக்கை. பெரியவர்களைக் கூட்டிப் போனால் முன்கூட்டியே ஏதாவது சொல்லி வையுங்கள்!

க்ளென்வுட் கேன்யனில் ஆற்றுக்கு அந்தப் பக்கம் நெடுஞ்சாலை ஓடுகிறது. அதனால் கோர் கேன்யனின் தனிமை இங்கே இல்லை, ஆனாலும் பாறைச் சுவர்கள் பிரமாதம். ஊர் வந்ததும் இறங்கிவிடுங்கள். நிலையத்திலிருந்து ஆற்றுப் பாலத்தை நடந்தே கடந்தால் 1888இல் திறந்த வெந்நீர் ஊற்றுக் குளம். ஒரு இரவு தங்கி, மறுநாள் நண்பகல் வாக்கில் வரும் 6ஆம் எண் வண்டியில் டென்வருக்குத் திரும்பலாம். அந்த வண்டியில் முதலில் இடது பக்க ஜன்னலைப் பிடியுங்கள், க்ளென்வுட் கேன்யனில் ஆறு அந்தப் பக்கம்தான் வரும்.