டெஸ்க்டாப் சைட்டுக்கு டிக் போட்டால் என்ன ஆகும்?

கும்பகோணம் பக்கத்தில் சின்னதாக ஒரு நெட் சென்டர் வைத்திருக்கிறேன். கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் போனை நீட்டி, "இதுல அந்தப் பக்கம் முழுசா வர மாட்டேங்குது" என்பார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி வாய் வலித்ததால், கேள்விகளை அனுப்புங்கள் என்றேன். வந்தவற்றில் சில இங்கே.

அண்ணே, கம்ப்யூட்டரில் தெரிகிற பட்டியல் எல்லாம் என் போனில் பாதியோடு நின்றுவிடுகிறது. முழுசாகப் பார்க்க வழி உண்டா? (மன்னார்குடி)

உண்டு. குரோமில் அந்தப் பக்கத்தைத் திறந்து, மேலே வலது மூலையில் உள்ள மூன்று புள்ளியைத் தொடுங்கள். பட்டியலைக் கொஞ்சம் கீழே தள்ளினால் 'டெஸ்க்டாப் சைட்' என்று ஒரு வரியும் அதன் பக்கத்தில் ஒரு கட்டமும் இருக்கும். டிக் போட்டதும் பக்கம் கம்ப்யூட்டரில் தெரிகிற வடிவத்தில் திரும்ப லோட் ஆகும். ஃபயர்பாக்ஸிலும் இதே மூன்று புள்ளிதான். சாம்சங் பிரவுசரில் கீழே உள்ள கோடுகளைத் தொட வேண்டும். ஐபோன் சஃபாரியில் முகவரிப் பட்டையின் ஓரத்தில் இருக்கும் பொத்தானுக்குள் போனால் கிடைக்கும்.

ஒன்றை மறக்காதீர்கள். படிவத்தைப் பாதி நிரப்பிவிட்டு டிக் போடாதீர்கள். பக்கம் திரும்ப லோட் ஆகும்போது, அடித்ததெல்லாம் பெரும்பாலும் போய்விடும். முதலில் டிக், அப்புறம் படிவம்.

சார், நான் போனில்தான் பார்க்கிறேன் என்று அந்த வெப்சைட்டுக்கு எப்படித் தெரிகிறது? (திருவாரூர், கல்லூரி மாணவி)

நல்ல கேள்வி. கல்யாண மண்டப வாசலில் "நீங்க பொண்ணு வீடா, மாப்பிள்ளை வீடா" என்று கேட்பார்களே, அதுபோலத்தான். ஒவ்வொரு பக்கத்தைக் கேட்கும்போதும் பிரவுசர் தன்னைப் பற்றி ஒரு வரி சொல்லி அனுப்புகிறது. 'யூசர் ஏஜென்ட்' என்று பெயர். சாதாரணமாக அதில் 'ஆண்ட்ராய்டு', 'மொபைல்' என்ற இரண்டு சொற்களும் இருக்கும். டிக் போட்டதும் குரோம் அந்த இரண்டையும் எடுத்துவிட்டு, 'நான் ஒரு லினக்ஸ் கம்ப்யூட்டர்' என்று சொல்கிறது. ஐபோன் தன்னை மேக் என்று சொல்லிக்கொள்ளும். மாப்பிள்ளை வீட்டுப் பந்தியில் உட்கார ஒரு சின்னப் பொய், அவ்வளவுதான்.

இன்னொரு வேலையும் நடக்கிறது. பல போன்கள் தம் திரை அகலத்தை 360 முதல் 412 பிக்சல் என்று சொல்லும். 2010-இல் ஈதன் மார்கோட் என்ற வெப் வடிவமைப்பாளர், திரைக்கு ஏற்றபடி பக்கம் தானே மாறிக்கொள்ளும் 'ரெஸ்பான்சிவ் டிசைன்' என்ற யோசனையைச் சொன்ன பிறகு, பெரும்பாலான தளங்கள் பெயரைவிட இந்த அகலத்தைப் பார்த்தே உருமாறுகின்றன. டிக் போட்டதும் பிரவுசர் பக்கத்தைச் சுமார் 980 பிக்சல் அகலத்துக்கு விரித்து, அதைச் சுருக்கித் திரையில் காட்டுகிறது. எழுத்து பொடியாகத் தெரிவது இதனால்தான்.

டிக் போட்டும் மாறவே இல்லையே? (சீர்காழி)

மூன்று இடத்தைப் பாருங்கள். முகவரியின் முன்னால் 'எம்' (m) என்ற ஒற்றை ஆங்கில எழுத்தும் புள்ளியும் இருந்தால் அது போனுக்கென்றே கட்டிய தனி வாசல். அந்த எழுத்தையும் புள்ளியையும் அழித்துவிட்டு மறுபடி திறங்கள். விக்கிப்பீடியா போன்ற தளங்களில் பக்கத்தின் அடியிலேயே மாற்றுவதற்கு இணைப்பு இருக்கும். இரண்டாவது, லிங்க்கைத் தொட்டதும் அந்த நிறுவனத்தின் ஆப் குறுக்கே வந்து திறந்துகொள்கிறதா? ஆப்புக்குள் இந்த டிக் கிடையாது. லிங்க்கை அழுத்திப் பிடித்து, முகவரியை நகலெடுத்து குரோமில் ஒட்டுங்கள். மூன்றாவது, ஃபேஸ்புக்குக்குள்ளேயே லிங்க் திறந்திருக்கும். அங்கிருந்து வெளி பிரவுசருக்கு மாற்றிக்கொண்டு வாருங்கள்.

எழுத்தெல்லாம் எறும்பு ஊர்கிற மாதிரி இருக்கிறது தம்பி. கண்ணாடி போட்டும் பிரயோஜனமில்லை. (பாபநாசம், ஓய்வுபெற்ற ஆசிரியர்)

ஐயா, முதலில் போனைப் படுக்கைவசமாகத் திருப்புங்கள். அகலம் கூடினால் எழுத்தும் பெரிதாகும். சில தளங்கள் விரலால் விரித்தாலும் ஜூம் ஆகாமல் அடம் பிடிக்கும். குரோம் செட்டிங்ஸில் அக்சஸிபிலிட்டிக்குள் போய், ஜூமைக் கட்டாயமாக்கும் வசதியை ஆன் செய்துவிட்டால் அந்த அடம் செல்லாது. ஆனால் செய்தியோ கட்டுரையோ படிக்க வேண்டுமென்றால் டிக்கை எடுத்துவிடுவதுதான் நல்லது. அட்டவணை பார்க்கவும் படிவம் நிரப்பவும்தான் இது.

மேலே மெனுவைத் தொட்டால் விரிந்து, அடுத்த நொடி மூடிக்கொள்கிறது. (வலங்கைமான்)

அந்த மெனு மவுஸ் அம்பு மேலே நின்றால் விரிகிற மாதிரி செய்யப்பட்டது. விரல் மேலே நிற்காதே, ஒன்று தொடும், இல்லை எடுக்கும். அழுத்திப் பிடித்துப் பாருங்கள், சில சமயம் விரியும்.

விரியாவிட்டால் ஒரு ஓடிஜி இணைப்பான் (போனின் சார்ஜர் துளையில் மாட்டுவது) வாங்கி, சாதாரண யூஎஸ்பி மவுஸைப் போனில் மாட்டுங்கள். ஆண்ட்ராய்டுக்கு மவுஸ் தெரியும், தனியாக எதுவும் ஏற்ற வேண்டாம். போன குறுவையின்போது ஒரு பெரியவர் கடைக்கு வந்தார். அவர் போனில் மவுஸை மாட்டினேன். திரையில் அம்புக்குறி ஓடியதும் ஒரு கணம் உற்றுப் பார்த்தார். "இது பேரென்ன தம்பி?" மவுஸ் என்றேன், எலி என்று அர்த்தமும் சொன்னேன். "வயல்ல எலிக்குக் கிட்டி வச்சு மாளல, இங்கயும் எலியா!" என்றார். மெனு அழகாக விரிந்தது, அவர் வேலையும் முடிந்தது.

டவுன்லோடு பொத்தானை அழுத்தினால் ஒன்றுமே நடப்பதில்லை. சர்வர் கோளாறா? (பட்டுக்கோட்டை)

பெரும்பாலும் இல்லை. பழைய பாணித் தளங்கள் டவுன்லோடு ஆக வேண்டிய கோப்பைப் புது ஜன்னலில் திறக்கும். குரோம் அதை விளம்பரம் என்று நினைத்துத் தடுத்துவிடும். திரையில் 'பாப்-அப் தடுக்கப்பட்டது' என்று சின்னதாக வரும் செய்தியை நாம் கவனிப்பதில்லை. செட்டிங்ஸ், சைட் செட்டிங்ஸ், பாப்-அப் என்று போய் அனுமதி கொடுங்கள். வேலை முடிந்ததும் மறக்காமல் மூடிவிடுங்கள், இல்லாவிட்டால் பரிசு விழுந்திருக்கிறது என்று வரிசையாக வந்து நிற்கும்.

டிஜிட்டல் கையெழுத்து டோக்கனைப் போனில் மாட்டி டெண்டர் போட முடியுமா? (மயிலாடுதுறை)

முடியாது. அந்த டோக்கனுக்கான மென்பொருள் கம்ப்யூட்டரில்தான் ஓடும். டிக் போட்டால் போன் தன் பெயரை மாற்றிச் சொல்லுமே தவிர, விண்டோஸ் ஆகிவிடாது.

பழைய தமிழ்ப் பக்கம் ஒன்று, ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் கொட்டுகிறது. டெஸ்க்டாப் சைட் போட்டும் அப்படியே. (தஞ்சாவூர்)

அது வேறு வியாதி. எல்லாக் கருவிக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருவில் அடித்த பக்கம் அது. அந்த எழுத்துரு உங்கள் போனில் இல்லை. தமிழக அரசே 2010-இல்தான் யூனிகோடை அதிகாரபூர்வமாக ஏற்றது. அதற்கு முன் ஆளுக்கொரு குறியீடு. உரையை நகலெடுத்து, இணையத்தில் கிடைக்கும் எழுத்துரு மாற்றியில் பாமினி, டிஸ்கி என்று அந்தப் பழைய வகைகளை ஒவ்வொன்றாகக் கொடுத்துப் பாருங்கள். ஏதாவது ஒன்றில் தமிழாகிவிடும்.

பையன் சொல்கிறான், இன்னொரு போனில் டெஸ்க்டாப் சைட் போட்டு வாட்ஸ்அப் வெப் திறந்தால் அதே வாட்ஸ்அப் வருமாமே? (திருத்துறைப்பூண்டி)

வரும் அக்கா. ஆனால் அந்தச் சுற்றுவழி இப்போது தேவையில்லை. 2023 முதல் இரண்டாவது போனையே நேரடியாக இணைக்க வாட்ஸ்அப் விடுகிறது. ஒரு கணக்கில் நான்கு கருவிகள் வரை சேர்க்கலாம்.

இதே வசதியை உங்களுக்கு எதிராகவும் திருப்பலாம். "ஒரு கால் பண்ணிட்டுத் தரேன்" என்று யாராவது உங்கள் போனை வாங்கி, தன் திரையில் உள்ள கியூஆரை ஸ்கேன் செய்துவிட்டால், அப்புறம் உங்கள் மெசேஜ் எல்லாம் அங்கேயும் போகும். வாட்ஸ்அப்பில் 'லிங்க்டு டிவைசஸ்' என்ற இடத்தை இப்போதே திறந்து பாருங்கள். தெரியாத பெயர் இருந்தால் அதைத் தொட்டு வெளியேற்றுங்கள். மாதம் ஒரு முறையாவது பாருங்கள்.

எல்லாத் தளத்துக்கும் ஒரேயடியாக ஆன் செய்து வைத்துவிடலாமா? (நாச்சியார்கோவில்)

சைட் செட்டிங்ஸில் அதற்கும் இடம் உண்டு. நான் வைப்பதில்லை. பெரிய படங்களாக வரும், டேட்டா கரையும், பக்கமும் ஆடி அசைந்துதான் திறக்கும். தேவையான தளத்துக்கு மட்டும் போடுங்கள். இப்போதைய குரோம் அந்தத் தளத்தை நினைவில் வைத்துக்கொள்கிறது.

இதெல்லாம் நாங்களே செய்துகொண்டால் உங்கள் கடைக்கு யார் வருவார்கள்? (உள்ளூர்க்காரர், பெயர் வேண்டாமாம்)

பிரிண்ட் எடுக்க நீங்கள் வந்துதானே ஆகணும் மாமா? ஆனால் நாளைக்கு வராதீர்கள். பராமரிப்பு வேலையாம், சாயங்காலம் வரை கரண்ட் கிடையாது.