மூன்றாம் படிவம் முடியும் வேளையில்: காட்சிக் கலையும் மட்பாண்டமும் எடுக்கலாமா?

சுங்கை சிப்புட்டிலிருந்து எழுதியிருக்கும் தாயாருக்கு, வணக்கம்.

தங்கள் மகள் நான்காம் படிவத்தில் காட்சிக் கலைக் கல்வியைத் தேர்வுப் பாடமாக எடுக்க ஆசைப்படுகிறாள் என்றும், மண்ணைப் பிசைந்துகொண்டிருந்தால் நாளை சோறு கிடைக்குமா என்று தங்கள் கணவர் கேட்கிறார் என்றும் எழுதியிருக்கிறீர்கள். செம்பனைத் தோட்டத்தில் வெயிலிலும் மழையிலும் உழைத்துப் பிள்ளைகளைப் படிக்க வைக்கும் தகப்பனார் கேட்க வேண்டிய கேள்விதான் இது. அதற்கு என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அவள் அந்தப் பாடத்தை எடுக்கட்டும். ஆனால் கணிதத்தையும் அறிவியலையும் தளரவிடாமல் எடுக்கட்டும். இத்தனை ஆண்டு ஆலோசனைப் பணியில் நான் கண்டவரை, கலைப் பாடம் எடுத்ததால் எந்தப் பிள்ளைக்கும் வழி அடைபட்டதில்லை. கலைதானே எடுத்திருக்கிறோம் என்று மற்றப் பாடங்களில் அசட்டையாக இருந்தவர்களுக்கே அடைபட்டது.

தோட்டப்புறப் பள்ளிகளில், படிப்பு ஏறாத பிள்ளைகளைத்தான் கலைப் பாடத்திற்கு அனுப்புவார்கள் என்ற எண்ணம் இன்னும் போகவில்லை. அந்த எண்ணம் இரண்டு விதத்தில் கேடு செய்கிறது. ஆர்வமுள்ள பிள்ளை வெட்கப்பட்டு விலகிக்கொள்கிறது. ஆர்வமில்லாத பிள்ளை எளிது என்று நம்பி வந்து திணறுகிறது. மலேசியாவில் ஐந்தாம் படிவ முடிவில் எழுதும் எஸ்.பி.எம். தேர்வின் காட்சிக் கலைக் கல்வி எளிதான பாடமன்று. நுண்கலை, காட்சித் தொடர்பு, வடிவமைப்பு, கைவினை ஆகிய துறைகளை அது தொட்டுச் செல்கிறது. எழுத்துத் தேர்வும் உண்டு. ஒரு கருத்தை எடுத்துக்கொண்டு, பார்த்து வரைந்து, மாதிரி செய்து, முடிந்த படைப்பாகக் கொண்டுவந்து, அந்தப் பயணம் முழுவதையும் ஒரு தொகுப்பில் பதிவு செய்யும் வேலையும் உண்டு. மட்பாண்டம் இதில் கைவினைப் பகுதியைச் சேர்ந்தது.

மட்பாண்டத்தைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். ஏனெனில் அது வெறும் கைப்பழக்கம் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். களிமண்ணைப் பிசைந்து உள்ளே சிக்கிய காற்றை வெளியேற்றிய பிறகே வனைய வேண்டும். வனைந்த பானை மெதுவாக, எல்லாப் பக்கமும் ஒரே சீராகக் காய வேண்டும். விளிம்பு முந்திக் காய்ந்து அடி ஈரமாக இருந்தால் விரிசல் விழும். உள்ளே ஈரம் மிச்சமிருக்கச் சூளையில் வைத்தால் அந்த ஈரம் நீராவியாகி, பானையையே வெடிக்க வைத்துவிடும். பள்ளிகளில் பொதுவாக முதற்சூடு 900 முதல் 1,000 பாகை செல்சியஸ் வரை ஏற்றப்படும். கண்ணாடி போன்ற பூச்சுடன் கெட்டியான கல்மண் பாண்டம் வேண்டுமென்றால் 1,200 பாகைக்கு மேல் போக வேண்டும். 573 பாகையில் மண்ணிலுள்ள குவார்ட்ஸ் எனும் கனிமம் தன் படிக அமைப்பை மாற்றிக்கொண்டு திடீரென விரிவதாலும், ஆறும்போது அதே இடத்தில் சுருங்குவதாலும், அந்தக் கட்டத்தை அவசரமாகக் கடந்தால் பாண்டம் கீறிவிடும். பூச்சு என்பதும் சிலிக்கா, அலுமினா, உருக்கத்தைத் தூண்டும் பொருள் ஆகியவற்றை அளந்து கலக்கும் கலவைதான். கோபால்ட் சேர்த்தால் நீலம் வரும். இரும்பு ஆக்சைடு அளவுக்கும் தீயின் தன்மைக்கும் ஏற்ப மஞ்சளாகவோ பழுப்பாகவோ கறுப்பாகவோ மாறும். விகிதம் தெரியாதவள், வெப்பம் பொருளை என்ன செய்யும் என்று அறியாதவள், இந்தத் துறையில் ஆசிரியரின் கையைப் பார்த்தே காலம் தள்ள வேண்டியிருக்கும். கணிதத்தையும் அறிவியலையும் விடாதே என்று நான் வற்புறுத்துவதற்கு முதற்காரணம் இதுவே.

இதை நேரில் காண நீங்கள் நெடுந்தூரம் போக வேண்டியதில்லை. பக்கத்துக் கோலகங்சாரில், பேராக் ஆற்றங்கரையிலுள்ள சாயோங்கில் சுரைக்காய் வடிவக் குடுவையான லாபு சாயோங் இன்றும் செய்யப்படுகிறது. சுட்ட குடுவையைச் சூடு ஆறுமுன் நெல் உமியில் புதைக்கிறார்கள். உமி கருகி எழும் புகையின் கரி மண்ணில் ஏறுவதால் அந்தக் கருமை நிறம் வருகிறது. ஒரு சனிக்கிழமை மகளை அழைத்துச் சென்று, அவள் எதை உற்றுப் பார்க்கிறாள், என்ன கேட்கிறாள் என்று கவனியுங்கள். அங்கே விற்கும் அழகிய பொருளை மட்டும் பார்ப்பவளுக்கும், அந்தக் கருமை எப்படி வந்தது என்று கேட்பவளுக்கும் வேறுபாடு உண்டு. கோலசிலாங்கூர் கம்போங் குவாந்தானில் நம் தமிழ்க் குடும்பங்களே பொங்கல் பானையும் தீபாவளி அகல்விளக்கும் செய்து விற்கின்றன. வாய்ப்பிருந்தால் அதையும் பார்க்கட்டும்.

தங்கள் கணவரிடம் இன்னொன்றையும் சொல்லுங்கள். அவருடைய தாய் தந்தையர் காலத்தில் ரப்பர் மரத்தில் கட்டிய பால் மங்குகளில் பல, சூளையில் சுட்ட மண் மங்குகள்தாம். இன்றும் ரப்பர் தொழில் பீங்கானை நம்பியே நிற்கிறது. கையுறைத் தொழிற்சாலைகளில் ரப்பர் பாலில் மூழ்கி எழும் கை அச்சுகள் பீங்கானால் ஆனவை; அவற்றின் விரல் வடிவம், சுவரின் தடிமன், மேற்பரப்பின் நுணுக்கம் எல்லாவற்றையும் யாரோ வடிவமைத்துத்தான் ஆக வேண்டும். தரை ஓடு, கழிப்பறைச் சாமான்கள், மின்காப்புப் பொருள்கள் ஆகியவையும் இந்தத் துறையைச் சேர்ந்தவையே. பீங்கானுக்கு வேண்டிய கயோலின் எனும் வெள்ளைக் களிமண் நம் பேராக் மாநிலத்தில், பீடோர், தாப்பா வட்டாரத்தில் தோண்டி எடுக்கப்படுகிறது.

பாடத் தேர்வைப் பொறுத்தவரை, 2020 முதல் நான்காம் படிவத்தில் அறிவியல் பிரிவு, கலைப் பிரிவு என்ற பழைய பிரிப்பு இல்லை. ஆகவே காட்சிக் கலையுடன் வேதியியலையும் சேர்த்து எடுப்பதற்குக் கொள்கையளவில் தடையில்லை. ஆனால் எந்தப் பாடங்களைச் சேர்த்து வழங்குவது என்பது அந்தந்தப் பள்ளியின் ஆசிரியர் பலத்தையும் கால அட்டவணையையும் பொறுத்தது. தேசிய மொழியிலும் வரலாற்றிலும் தேர்ச்சி பெறாவிட்டால் எஸ்.பி.எம். சான்றிதழே கிடைக்காது என்பதை மகள் மறக்கக் கூடாது. தமிழ்மொழிப் பாடமும் ஓவிய வகுப்பும் ஒரே நேரத்தில் மோதினால் தமிழை விட்டுவிடும்படி யாராவது எளிதாகச் சொல்லக்கூடும். அதை ஏற்க வேண்டாம். இரண்டில் ஒன்றைப் பள்ளி நேரத்திற்குப் பின் நடத்த வழியுண்டா என்று பள்ளி முதல்வரிடம் மரியாதையுடனும் உறுதியுடனும் கேளுங்கள். ஒத்த கருத்துடைய பெற்றோர் நான்கைந்து பேர் சேர்ந்து கேட்டால் இன்னும் நல்லது.

எஸ்.பி.எம். முடித்த பிறகு உள்ள வழிகளில், மட்பாண்டத்தையே தொழிலாகக் கற்க விரும்பினால் ரவாங்கிலுள்ள தேசியக் கைவினைக் கழகத்தை முதலில் விசாரிக்கச் சொல்வேன்; அங்கே பீங்கான் துறையில் டிப்ளோமா உண்டு. மாரா தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்திலும் பீங்கான் கல்வி உண்டு. ஆனால் அதன் வழக்கமான சேர்க்கை பூமிபுத்ரா மாணவர்களுக்கு, அதாவது மலாய்க்காரருக்கும் பிற பூர்வகுடியினருக்கும், உரியது என்பதால் அதை நம்பித் திட்டமிட வேண்டாம். ஆறாம் படிவம் சென்று எஸ்.டி.பி.எம். எழுதினால், பினாங்கிலுள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் நுண்கலைக்கும், ஆசிரியராக விரும்பினால் தஞ்சோங் மாலிமிலுள்ள சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழகத்தில் கலைக் கல்விக்கும் விண்ணப்பிக்கலாம். எஸ்.டி.பி.எம். தேர்வில் காட்சிக் கலை ஒரு பாடமாக இருந்தாலும் எல்லா ஆறாம் படிவ மையங்களும் அதை நடத்துவதில்லை. பீங்கானைப் பொறியியலாகப் பார்க்கும் வழியும் உண்டு: மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் நிபோங் தெபால் பொறியியல் வளாகத்தில் பீங்கான், உலோகம் போன்ற பொருள்களை ஆராயும் பொருட்பொறியியல் கற்பிக்கப்படுகிறது. அதற்கு இயற்பியல், வேதியியல், கூடுதல் கணிதம் ஆகிய மூன்றும் இப்போதே தேவை. பின்னால் சேர்த்துக்கொள்ள முடியாது.

வருமானத்தைப் பற்றி மறைக்காமல் சொல்கிறேன். சொந்தச் சக்கரமும் சூளையும் வைத்துப் பானை விற்று மட்டும் வாழ்பவர்கள் நம் நாட்டில் மிகச் சிலரே. பெரும்பாலோர் கற்பித்தல், வடிவமைப்பு, தொழிற்சாலை வேலை ஆகியவற்றில் ஒன்றோடு சேர்த்துத்தான் இதைச் செய்கிறார்கள். படித்து முடித்த முதல் சில ஆண்டுகள் சம்பளம் குறைவாகவே இருக்கும். இது தெரிந்தே மகள் வர வேண்டும். தாங்களும் தெரிந்தே அனுமதிக்க வேண்டும். தொடக்கத்திலேயே கடன் வாங்கித் தனியார் கல்லூரியில் சேர்ப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். அரசு நிலையங்களை எல்லாம் பார்த்த பிறகு அதை யோசிக்கலாம்.

நேர்முகத் தேர்வுகளில் மதிப்பெண்ணுக்கு அடுத்தபடியாகக் கேட்கப்படுவது படைப்புத் தொகுப்பு. அதை ஐந்தாம் படிவக் கடைசியில் அவசரமாகச் சேர்க்க முடியாது. இப்போதே ஒரு தடித்த வரைபடப் புத்தகம் வாங்கிக் கொடுங்கள். வீட்டுக் குத்துவிளக்கு, கோயில் தூண், செம்பனைக் குலை என்று கண்ணெதிரே இருப்பதைத் தேதியிட்டு வரையட்டும். உடைந்துபோன பாண்டத்தையும் படம் எடுத்து, ஏன் உடைந்தது என்று பக்கத்தில் எழுதி வைக்கட்டும். மாணவி எப்படிச் சிந்திக்கிறாள் என்பது அந்தப் பக்கங்களில்தான் தெரியும்.

வீட்டில் பழகும்போது ஒன்றில் கண்டிப்பாக இருங்கள். காய்ந்த களிமண் தூளை விளக்குமாற்றால் பெருக்கக் கூடாது. அதிலுள்ள சிலிக்கா துகள் நெடுங்காலம் மூச்சில் சென்றால் நுரையீரலைக் கெடுக்கும். ஈரத்துணியால் துடைத்தெடுக்க வேண்டும். தம்பி தங்கையர் படுக்கும் அறையில் வேலை செய்யக் கூடாது.

தேர்வுப் பாடப் படிவத்தில் கையெழுத்திடுவதற்கு முன், கணவரையும் அழைத்துக்கொண்டு பள்ளியின் காட்சிக் கலை ஆசிரியரைச் சென்று பாருங்கள். பள்ளியில் சூளை இருக்கிறதா, இருந்தால் இப்போது இயங்குகிறதா, கலைத் தொகுப்பைக் கடைசியாக மேற்பார்வையிட்டவர் அந்தத் துறையில் பயிற்சி பெற்ற ஆசிரியரா, வேதியியலைச் சேர்த்து எடுக்க கால அட்டவணையில் இடமுண்டா என்று கேளுங்கள். சூளை இல்லையென்றாலும் மனம் தளர வேண்டாம். வரைதலையும் வடிவமைப்பையும் பள்ளியில் உறுதியாகக் கற்றுக்கொண்டு, விடுமுறையில் சாயோங்கில் கற்றுத்தருபவர் உண்டா என்று விசாரிக்கலாம். கற்பிக்க ஆசிரியரே இல்லை என்றால் மட்டும், படிவத்தைக் கொடுக்காமல் எனக்கு மீண்டும் எழுதுங்கள். பக்கத்துப் பள்ளிக்கு மாற்றலாகும் வழியைச் சேர்ந்து பார்ப்போம்.