எந்த வட்டுக்கு அலமாரியில் இடம் தரலாம்?

டிவிடி, ப்ளூரே சேர்ப்பது பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் பதில்கள்.

கே: பெரும்பாலான படங்கள் ஓடிடியிலேயே கிடைக்கும்போது வட்டு வாங்கிச் சேர்ப்பதில் பொருள் உண்டா? ஒரு வெளியீடு சேர்க்கத் தகுந்ததா என்பதை எதை வைத்து முடிவு செய்வது?
– வாசகர், திருச்சி

ப: முதலில் பார்க்க வேண்டியது மூலம். வட்டில் உள்ள படம் அசல் கேமரா நெகட்டிவிலிருந்து வந்ததா, அந்த நெகட்டிவிலிருந்து நேரடியாக எடுத்த மாஸ்டர் பாசிட்டிவிலிருந்தா, தியேட்டரில் ஓடித் தேய்ந்த பிரிண்டிலிருந்தா, டிவிக்காக எப்போதோ எடுத்த டேப்பிலிருந்தா? அடுத்து, சட்டகம் முழுதாக இருக்கிறதா, ஒலி படம் வெளிவந்தபோது இருந்த ஒலிதானா, நீளம் குறையவில்லையே என்று பாருங்கள். இந்த நான்கும் தேறினால் உறை எவ்வளவு சாதாரணமாக இருந்தாலும் வாங்கலாம். மூலமே டேப் என்றால் அதை ப்ளூரேயில் ஏற்றியும் பயனில்லை. டேப்பில் பதியாத விவரம் வட்டில் புதிதாக முளைக்காது.

மூலத்தின் அருமைக்கு சத்யஜித் ராயின் அபு வரிசைப் படங்கள் மூன்றும் சாட்சி. அவற்றின் அசல் நெகட்டிவுகள் 1993-இல் லண்டன் லேப் ஒன்றில் நடந்த தீ விபத்தில் சிக்கிக் கருகின. மிஞ்சியவற்றை அமெரிக்காவின் அகாடமி ஆவணக் காப்பகம் பத்திரப்படுத்தியது. பல ஆண்டுகள் கழித்து இத்தாலியின் பொலோன்யா நகர லேப்பில், விறைத்துப்போன ஃபிலிமை ஈரப்பதம் ஏற்றி இளக்கி, ஓரத் துளைகளைக் கையால் சரிசெய்து ஸ்கேன் செய்தார்கள். மூன்றாவது படமான ‘அபுர் சன்சார்’ நெகட்டிவ் மீட்க முடியாத நிலையில் இருந்ததால், அதற்கு வேறு காப்பகங்களில் இருந்த பிரதிகளே மூலமாயின. 2015-இல் அமெரிக்க வட்டு நிறுவனமான கிரைட்டீரியன் வெளியிட்ட ப்ளூரே இந்த வேலையின் பலன். எந்தப் பகுதி எதிலிருந்து வந்தது என்பதை இப்படி வெளிப்படையாகச் சொல்லும் வெளியீட்டை நம்பி வாங்கலாம். “டிஜிட்டலில் புதுப்பிக்கப்பட்டது” என்ற ஒற்றை வரியோடு நிறுத்திக்கொள்ளும் உறையை நம்ப வேண்டாம்.

ஓடிடியைப் பொறுத்தவரை, உரிமக் காலம் முடிந்தால் படம் காணாமல் போகும் என்பது தெரிந்ததே. தரத்திலும் இடைவெளி உண்டு. 1080 வரிப் படம் இணையத்தில் பெரும்பாலும் நொடிக்குச் சுமார் 5 மெகாபிட் அளவில்தான் வருகிறது. ப்ளூரேயில் அதே படத்துக்கு 40 மெகாபிட் வரை இடம் இருக்கிறது. மழை, புகை, இருட்டு வரும் காட்சிகளில் இந்த வேறுபாடு பளிச்சென்று தெரியும்.

கே: பழைய வட்டுக் கடையில் “மூன்று படங்கள் ஒரே டிவிடியில்” கிடைக்கிறது. அதே படம் தனி டிவிடியாகவும் இருக்கிறது. இரண்டும் டிவிடிதானே?
– வாசகி, விருதுநகர்

ப: இரண்டும் டிவிடிதான், ஆனால் ஒரு நொடிக்குக் கிடைக்கும் இடம் வேறு. ஓரடுக்கு டிவிடி 4.7 ஜிபி, ஈரடுக்கு 8.5 ஜிபி. இரண்டரை மணி நேரப் படம் ஒன்றை ஈரடுக்கில் தனியாக வைத்தால், ஒலியும் சேர்த்து நொடிக்குச் சுமார் 7.5 மெகாபிட் கிடைக்கும். ஓரடுக்கில் 4.2. மூன்று படங்களை ஓரடுக்கில் திணித்தால் 1.4-க்கு வந்துவிடும். விசிடியின் அளவும் ஏறக்குறைய இதுதான். குழு நடனம் வந்தால் உடைகளின் நிறம் கட்டம் கட்டமாக உடையும், வேகமாக நகரும் முகம் கலங்கிப்போகும்.

கடையில் நின்றபடியே சோதிக்க எளிய வழி, வட்டின் பின்பக்கத்தை வெளிச்சத்தில் பார்ப்பது. ஓரடுக்கு வெள்ளி நிறமாகவும் ஈரடுக்கு லேசான பொன் நிறமாகவும் தெரியும். ஊதா நிறம் அடித்தால் அது ஆலையில் அச்சிட்டதாக இராது, கணினியில் பதிந்த வட்டாக இருக்கவே வாய்ப்பு அதிகம். விலை எவ்வளவு குறைவானாலும் அதைச் சேகரிப்புக்கு வாங்காதீர்கள். அதிலுள்ள சாயம் வெயிலிலும் வெப்பத்திலும் வெளுத்துவிடும்.

கே: என்னிடம் உள்ள ஒரு ஸ்கோப் படத்தின் டிவிடி புது டிவியில் நாலு பக்கமும் கறுப்புப் பட்டையோடு நடுவில் சிறிதாகத் தெரிகிறது. வட்டில் கோளாறா?
– வாசகர், காரைக்குடி

ப: கோளாறு மாஸ்டரில், அதாவது வட்டு அச்சிட அடிப்படையாக வைத்த பிரதியில். பழைய 4:3 டிவிக்காகத் தயாரித்த வட்டு அது. டிவிடியில் மொத்தம் 576 வரிகள் (இது இந்தியா, ஐரோப்பாவின் ‘பால்’ (PAL) டிவி முறை; அமெரிக்கா, ஜப்பானின் என்டிஎஸ்சி முறை என்றால் 480). ஸ்கோப் படத்தை 4:3 சட்டத்துக்குள் பட்டை போட்டு வைக்கும்போது அந்த 576-இல் 327 வரிகள்தான் படத்துக்குச் செல்கின்றன, மீதி கறுப்புக்குச் செலவாகிறது. படத்தைப் பக்கவாட்டில் நெருக்கிப் பதிந்து, ஓட்டும்போது விரித்துக் காட்டும் அனமார்ஃபிக் முறையில் செய்திருந்தால் அதே படத்துக்கு 436 வரிகள் கிடைத்திருக்கும். உறையில் “16:9” அல்லது “அனமார்ஃபிக்” என்று போட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். “லெட்டர்பாக்ஸ்” என்று மட்டும் இருந்தால் பெரும்பாலும் உங்களிடம் இருப்பது போன்றதுதான்.

ஆனாலும் உங்கள் வட்டைக் கழித்துவிட வேண்டாம். அதில் படம் சிறிதே தவிர முழுதாக இருக்கிறது. திரை நிறையத் தெரிய வேண்டும் என்று இருபுறமும் வெட்டி 4:3 ஆக்கிய வட்டுகளும் உண்டு. உயரத்தைப் போல் 2.35 மடங்கு அகலமான ஸ்கோப் படத்தை அப்படி வெட்டினால் 43 விழுக்காடு போய்விடுகிறது. எதிரெதிரே நின்று பேசும் இருவரில் ஒருவரின் மூக்கு மட்டும் தெரியும்.

1950-களின் படங்களில் இதே அநியாயம் தலைகீழாக நடக்கிறது. ஏறக்குறைய சதுரமாக எடுத்த படத்தை 16:9 டிவிக்காக மேலும் கீழும் வெட்டுகிறார்கள், கால் பங்குக்குச் சற்றே குறைவாகப் போகிறது. தொடக்கத்தில் வரும் பெயர் அட்டைகளில் எழுத்து சட்டத்தின் மேல் விளிம்பை ஒட்டி நிற்கிறதா என்று பாருங்கள். நடனக் காட்சியில் ஆடுபவரின் பாதம் தெரிகிறதா என்றும் பாருங்கள். பாதம் தெரியாத பரதநாட்டியத்தை எத்தனை 4கே-யில் கொடுத்தாலும் அது சேகரிக்கத் தக்கதல்ல.

கே: உறையில் உள்ள நேரத்தை வைத்துப் படம் வெட்டப்பட்டதா என்று கண்டுபிடிக்க முடியுமா? ஒரே படம் ஒரு வட்டில் 146 நிமிடமும் இன்னொன்றில் 140 நிமிடமும் ஓடுகிறது.
– வாசகர், கோயம்புத்தூர்

ப: முடியும், ஆனால் உறையை நம்பாதீர்கள். நம் படங்களின் பல வட்டுகளில் முதலில் தணிக்கைச் சான்றிதழ் வரும். அங்கே நிறுத்தி நீளத்தைப் படியுங்கள், மீட்டரில் இருக்கும். 35 எம்எம் ஃபிலிம் நிமிடத்துக்கு 27.4 மீட்டர் ஓடுகிறது. 4,000 மீட்டர் என்றால் 146 நிமிடம். வட்டு அதைவிடக் குறைவாக ஓடினால், உடனே வெட்டு என்று முடிவுகட்டாமல் அது ‘பால்’ (PAL) முறையா என்று பாருங்கள். நொடிக்கு 24 சட்டகமாக எடுத்த படத்தைப் பால் வட்டில் 25 ஆக ஓட்டுவார்கள். 146 நிமிடம் சரியாக 140 ஆகிவிடும். உங்கள் இரண்டு வட்டுகளுக்கும் இடையே இருப்பது அநேகமாக இந்த வேறுபாடுதான்.

காட்சி எதுவும் போகவில்லை என்றாலும் பாடல் கேட்பவர்களுக்கு இது சின்ன விஷயமல்ல. சரிசெய்யாமல் விட்டிருந்தால் சுருதி கால் கட்டைக்கு மேல் ஏறியிருக்கும். இசைத்தட்டில் கேட்டுப் பழகிய குரல் வட்டில் மெலிந்து ஒலிக்கிறது என்றால் காரணம் இதுவாக இருக்கலாம். பாட்டுக்காகச் சேர்ப்பவர்கள் என்டிஎஸ்சி டிவிடியையோ 24 சட்டக ப்ளூரேயையோ தேர்ந்தெடுங்கள்.

நேரம் வேறு எந்தக் கணக்குக்கும் ஒத்துவராமல் குறைந்தால் வெட்டுதான். பாடல்கள், நகைச்சுவைத் தனிப்பகுதி, இடைவேளைக்கு முன்னும் பின்னும் உள்ள சில நொடிகள் ஆகியவற்றை முதலில் ஒப்பிடுங்கள். ரீல் மாறும் இடங்களில் பிரிண்ட் தேய்ந்து வசனம் துண்டுபடுவதும் வழக்கம்.

கே: பழைய படத்துக்கு 5.1 ஒலி இருந்தால் கூடுதல் மதிப்புதானே?
– வாசகர், வேலூர்

ப: அசல் மோனோவும் கூடவே இருந்தால் மட்டும். ஒரே தடத்தில் கலந்த ஒலியை ஆறாகப் பிரிக்கும்போது எதிரொலி ஏற்றுகிறார்கள், சில வட்டுகளில் குதிரைக் குளம்பும் இடியும் புதிதாகச் சேர்க்கிறார்கள். வசனம் பின்வாங்கிவிடுகிறது. மோனோ தடம் இல்லாத பழைய படம் பாதி வெளியீடு.

கே: விலை கொடுத்து வாங்கிய 4கே வட்டில் படம் முழுக்கப் புள்ளி புள்ளியாக அசைகிறது. திருப்பி அனுப்பலாமா?
– வாசகி, சேலம்

ப: வேண்டாம். அந்தப் புள்ளிகள் ஃபிலிமின் மணி, அதாவது ‘கிரெயின்’ எனப்படும் நுண்துகள்கள். படத்தின் விவரமே அந்த மணிகளால் ஆனது. ஒவ்வொரு சட்டகத்திலும் இடம் மாறி உயிரோடு அசைந்தால் அது ஃபிலிம். ஓரிடத்தில் ஒட்டிக்கொண்டு சதுரம் சதுரமாக நின்றால் அது சுருக்கத்தின் பழுது.

அஞ்ச வேண்டியது மணியே இல்லாத பழைய படத்தைத்தான். படத்தின் புள்ளிகளை நீக்கும் மென்பொருளை அளவுக்கு மேல் ஓட்டினால் மணியோடு தோலின் துளைகளும் முடி இழைகளும் சேர்ந்து அழிகின்றன. முகம் மெழுகாகிறது. பிறகு கூர்மை ஏற்றுகிறார்கள், உருவங்களின் ஓரத்தில் வெள்ளைக் கோடு ஓடுகிறது. ஜேம்ஸ் கேமரூனின் ‘ஏலியன்ஸ்’, ‘ட்ரூ லைஸ்’ 4கே வட்டுகள் 2024-இல் வந்தபோது, கணினி கற்பித்த விவரம் முகங்களில் ஏறியிருக்கிறது என்று சேகரிப்பாளர்களிடையே பெரிய வாதம் நடந்தது. குறை சொன்னவர்கள் பக்கம் நியாயம் இருந்தது என்பதே நம் கருத்து. இயக்குநரே ஒப்புக்கொண்ட மாஸ்டர் என்பதால் பழைய ப்ளூரேயை யாரும் விற்றுவிட வேண்டியதில்லை.

டிவியையும் ஒரு முறை சரிபாருங்கள். ஃபிலிம்மேக்கர் மோடு இருந்தால் அதை வையுங்கள். அசைவை வழவழப்பாக்கும் வசதியை அணைத்து, ஷார்ப்னஸைக் குறையுங்கள். கடையில் இருந்த அமைப்பிலேயே டிவி ஓடினால் நல்ல மணியும் மணல் கொட்டியது போலத்தான் தெரியும்.

கே: வெளிநாட்டு ப்ளூரே வாங்கினால் இங்கே ஓடுமா?
– வாசகர், சென்னை

ப: வட்டு எந்த நாட்டு ப்ளேயரில் ஓடும் என்று பூட்டி வைக்கும் பிரிவுக்கு ரீஜன் என்று பெயர். ப்ளூரேயில் மூன்று ரீஜன். அமெரிக்கா, ஜப்பான் ஏ, ஐரோப்பா, ஆஸ்திரேலியா பி, இந்தியா சி. டிவிடியில் இந்தியா 5, அமெரிக்கா 1. அல்ட்ரா எச்டி எனப்படும் 4கே வட்டுகளுக்கு ரீஜன் பூட்டு கிடையாது, ஆனால் அதே பெட்டியில் உடன் வரும் ப்ளூரே பூட்டியிருக்கலாம். பூட்டில்லாத ப்ளூரேக்களும் நிறைய உண்டு, ஆகவே தலைப்பு வாரியாகப் பார்க்க வேண்டும். பல ப்ளேயர்களில் டிவிடி பூட்டை ரிமோட்டில் எண் அழுத்தித் திறந்துவிடலாம். ப்ளூரே பூட்டுக்குப் பெரும்பாலும் ப்ளேயருக்குள் சில்லு மாற்ற வேண்டும், அல்லது அந்த ரீஜன் ப்ளேயரையே வாங்க வேண்டும்.

இந்தச் சிரமம் எதற்கு என்று கேட்பவர்களுக்கு ஒரு வெளியீட்டைக் காட்டலாம். நடனக் கலைஞர் உதய் சங்கரின் ‘கல்பனா’ 1948-இல் நம் சென்னை ஜெமினி ஸ்டுடியோவில் எடுத்த நடனப் படம். பத்மினி முதலில் தோன்றியதும் அதில்தான். புணே தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்தில் இருந்த நகல் நெகட்டிவையும் பிரிண்டையும் கொண்டு மீட்டு 2012-இல் கான் விழாவில் திரையிட்டார்கள். இன்று அது கிரைட்டீரியனின் உலக சினிமா தொகுப்பு வரிசையில், நான்காம் பெட்டியில் இருக்கிறது. ஏ ரீஜன் ப்ளேயர் வைத்துக்கொள்ள இது ஒன்றே போதுமான காரணம்.

கே: பத்திரமாக வைத்திருந்த டிவிடிகள் சில பாதியில் உறைந்து நிற்கின்றன. கீறலே இல்லை. ஏன்?
– வாசகி, தூத்துக்குடி

ப: டிவிடி என்பது 0.6 மில்லிமீட்டர் தடிமனுள்ள இரண்டு தகடுகளைப் பசையால் ஒட்டியது. பசை கெட்டால் காற்றும் ஈரமும் உள்ளே போய் உலோகப் படலம் அரிக்கும். பெரும்பாலும் வெளி விளிம்பில்தான் தொடங்கும். ஈரடுக்கு வட்டில் படம் உள்ளிருந்து வெளியே ஓடி, அடுக்கு மாறும் இடத்தில் திரும்பி வருகிறது. அந்தத் திருப்பம் விளிம்பை ஒட்டி, படத்தின் நடுவாக்கில் வரும். அதனால்தான் இடைவேளையை ஒட்டி நிற்கிறது. 2006 முதல் 2008 வரை அச்சான தங்கள் டிவிடிகள் சிலவற்றில் குறை இருப்பதை வார்னர் நிறுவனமே 2025-இல் ஒப்புக்கொண்டு மாற்றித் தர முன்வந்தது.

விளக்குக்கு நேரே பிடித்துப் பாருங்கள். ஊசித் துளை போல ஒளி கசிந்தாலோ, பால் கலந்தது போல மேகம் படர்ந்திருந்தாலோ அதற்கு மருந்தில்லை, ஓடும்வரை ஓடட்டும். மற்றவற்றைக் காக்கலாம். நிமிர்த்தி அடுக்குங்கள். பெட்டியிலிருந்து எடுக்கும்போது நடுக் குமிழை அழுத்தி எடுங்கள், வளைத்து இழுத்தால் ஒட்டு பிரியும். காகித லேபிள் ஒட்ட வேண்டாம். நடுவிலிருந்து விளிம்பு நோக்கி நேர்க்கோட்டில் துடையுங்கள்.

கீறலைத் தேய்த்து மெருகேற்றுவது டிவிடியில் ஓரளவு நடக்கும். ப்ளூரேயில் தகவல் அடுக்கு மேற்பரப்பிலிருந்து 0.1 மில்லிமீட்டரிலேயே இருப்பதால் தேய்த்தால் வட்டு போய்விடும்.

கே: பிளாஸ்டிக் உறை பிரிக்காத ஸ்டீல்புக் (உலோகப் பெட்டி வெளியீடு), எண்ணிட்ட பெட்டி இவற்றுக்குப் பின்னால் விலை ஏறுமா?
– வாசகர், ஈரோடு

ப: சிலவற்றுக்கு ஏறும். ஆனால் பிரிக்காத பெட்டியில் எந்த வட்டு இருக்கிறது, அது ஓடுமா என்று யாருக்கும் தெரியாது. வாங்கிய வாரமே பிரித்து முழுதாக ஓட்டிப் பார்த்துவிடுங்கள். பழுதை மாற்றித் தரும் காலம் குறைவு.

கே: வீட்டில் ஒரு பெட்டி நிறையத் தமிழ்ப் பட விசிடிகளும் சில விஎச்எஸ் டேப்புகளும் இருக்கின்றன. எடைக்குப் போடலாமா?
– வாசகி, நாகர்கோவில்

ப: போடுவதற்கு முன் ஒவ்வொரு படமும் வேறெங்காவது கிடைக்கிறதா என்று தேடுங்கள். விசிடியின் படம் 352 × 288 புள்ளிகள்தான். ஆனால் டிவிடியே வராத படத்துக்கு அந்த விசிடிதான் மிஞ்சியிருக்கும் பிரதியாக இருக்கலாம். அப்படிப்பட்டது, எத்தனையோ ஸ்டீல்புக்குகளைவிட அலமாரிக்குத் தகுந்தது.

நகல் எடுக்கும்போது ‘டாட்’ (.dat) கோப்பை மட்டும் இழுத்துப் போடாதீர்கள். விசிடியின் படப் பகுதியில் பிழைதிருத்தத் தகவல் குறைவு, வழக்கமான ஐஎஸ்ஓ கோப்பில் அது முறையாக அடங்காது. ‘பின்–கியூ’ (bin/cue) வடிவில் முழு வட்டையும் மெதுவான வேகத்தில் படித்தெடுங்கள். லேபிள் பக்கத்தைத் தேய்க்கவே கூடாது. விசிடியில் உலோகப் படலம் அந்தப் பக்கத்துக்கு நேர் கீழே இருக்கிறது.

டேப்புகளை ஓட்டும் முன் கண்ணாடிச் சன்னல் வழியே சுருளின் ஓரத்தைப் பாருங்கள். வெண்பொடி படிந்திருந்தால் பூஞ்சை. அதை விசிஆரில் போட்டால் ஹெட்டில் ஒட்டிக்கொண்டு அடுத்த டேப்புக்கும் பரவும். அவற்றைத் தனியே பிரித்து, சிலிக்கா ஜெல்லுடன் மூடிய பையில் வைத்து, சுத்தம் செய்யத் தெரிந்தவரிடம் கொடுங்கள். எடுத்த நகல் இரண்டு வேறு ஹார்ட் டிஸ்க்கில் இருக்கட்டும். உறைகளையும் இருபுறமும் ஸ்கேன் செய்துவையுங்கள். வெளியிட்ட நிறுவனம் எது என்பதற்கு அந்த உறையைத் தவிர வேறு ஆதாரம் பல படங்களுக்குக் கிடைப்பதில்லை.