ரேடாரில் தெரியும் மழையை அப்படியே கணினி மாதிரியில் ஏற்றிவிட முடியாதா?

சென்னைக்கு மேல் நிற்கும் மழைமேகங்களைத் துறைமுக டாப்ளர் ரேடார் சில நிமிடங்களுக்கொருமுறை காட்டிவிடுகிறதே, அதைக் கணினி மாதிரியில் (காற்றையும் ஈரத்தையும் கணக்கிட்டு வானிலையை முன்கூட்டிச் சொல்லும் நிரலில்) ஏற்றினால் அடுத்த சில மணி நேர மழையைத் துல்லியமாகச் சொல்லிவிடலாம்தானே என்று கேட்டிருக்கிறீர்கள். உலகின் பல வானிலை மையங்கள் ஏற்றத்தான் செய்கின்றன, பலனும் உண்டு. ஆனால் ரேடார் அளப்பது மழையை அல்ல, துளிகளில் பட்டுத் திரும்பும் அலையின் வலிமையை.

அந்த வலிமை துளி விட்டத்தின் ஆறாம் அடுக்கைப் பொறுத்தது. 2 மி.மீ. துளியில் இருக்கும் நீர் 1 மி.மீ. துளியில் இருப்பதைப் போல 8 மடங்குதான். அது தரும் எதிரொலிப்போ 64 மடங்கு. ஆகவே சில பெரிய துளிகளும் ஏராளமான சிறு துளிகளும் திரையில் ஒரே எண்ணாகத் தெரியலாம். மழைத்துளிகளின் அளவுப் பரவலை ஆராய்ந்த மார்ஷலும் பாமரும் 1948இல் தந்த சமன்பாட்டின்படி 40 டிபிஇசட் (எதிரொலிப்பின் வலிமையைச் சொல்லும் அலகு) என்பது மணிக்கு ஏறத்தாழ 11.5 மி.மீ. மழை, வெப்பமண்டலப் பெருமழைக்கென அமெரிக்க ரேடார்களில் வைத்திருக்கும் சமன்பாட்டில் அதே 40 ஏறத்தாழ 21.6 மி.மீ. ஆகிவிடுகிறது. படத்தில் நிறம் ஒன்றுதான், தெருவில் ஓடும் தண்ணீர்தான் வேறு. தொலைவும் குழப்பும்: அரை பாகைச் சாய்வில் கிளம்பும் கற்றை 100 கி.மீ. தொலைவில் தரைக்கு மேல் ஒன்றரை கி.மீ. உயரத்துக்கும், 200 கி.மீ.யில் நான்கு கி.மீ. உயரத்துக்கும் போய்விடுவதால், அதற்குக் கீழே துளி ஆவியாகிறதா வளர்கிறதா என்பது அதற்குத் தெரியாது.

மாதிரிக்கும் இதே இடத்தில்தான் இடறுகிறது. 0.02 மி.மீ. விட்டமுள்ள மேகத்துளிகள் பத்து லட்சம் சேர்ந்தால்தான் 2 மி.மீ. மழைத்துளி ஒன்று உருவாகும், சில கி.மீ. அகலமுள்ள கட்டங்களில் கணக்கிடும் மாதிரியால் அத்தனை மோதல்களையும் தொடர முடியாது. அதனால் அமெரிக்க வானிலை ஆய்வாளர் எட்வின் கெஸ்லர் 1969இல் நீரை மேகநீர், மழைநீர் என்று இரண்டாகப் பிரித்து, மேகநீர் ஒரு வரம்பைத் தாண்டினால் மழைநீராக மாறத் தொடங்கும் என்று எளிமையாக்கினார். (ஓக்லஹோமாவில் ரேடார் ஆய்வுக்குப் பெயர்போன கடும்புயல் ஆய்வுக்கூடத்தின் இயக்குநராக அப்போது இருந்தவரும் அவரே.) பின்னர் பனிப்படிகம், வெண்பனி, ஆலங்கட்டி எல்லாம் சேர்ந்தன, ஆயினும் நீரின் நிறையை மட்டும் கணக்கிடும் முறைகள் துளிகளின் அளவுப் பரவலுக்குப் பெரும்பாலும் மார்ஷலும் பாமரும் தந்த வடிவத்தையே கடன் வாங்குகின்றன. அதாவது ரேடாரை மழையாக்கும்போது செய்த அதே ஊகம் மாதிரிக்குள்ளும் உட்கார்ந்திருக்கிறது. இரண்டும் ஒத்துப்போனாலும் அதை முழுச் சான்றாக நான் எடுத்துக்கொள்ள மாட்டேன். துளிகளின் எண்ணிக்கையையும் தனியாகக் கணக்கிடும் முறைகள் மேலானவை, ஆனால் கணினி நேரத்தைத் தின்னும்.

சரி, ரேடார் காட்டும் இடத்தில் மாதிரியில் மழைநீரைச் சேர்த்துவிட்டால்? சேர்த்த நீரைத் தாங்க மேலெழும் காற்றோட்டமும் ஈரப்பதமும் அங்கே இல்லையென்றால், அது சில நிமிடங்களில் கொட்டித் தீர்ந்து மேகமும் கலைந்துவிடும். அதனால்தான் நீருக்குப் பதிலாக, நீராவி குளிர்ந்து நீராகும்போது வெளிப்படும் உள்ளுறை வெப்பத்தை ரேடார் மழைக்கேற்பக் கூட்டிக் குறைத்து, மேலெழும் காற்றை மாதிரியே உருவாக்கிக்கொள்ளும்படி செய்யும் முறை பிரிட்டனிலும் ஜெர்மனியிலும் வழக்கத்துக்கு வந்தது. டாப்ளர் தரும் காற்றின் வேகமும் இங்கே பெரிதும் உதவும்.

இருந்தும் துளி உருவாகுமுன் கடல்மேல் இருக்கும் நீராவியை இந்த ரேடார் காணாது. 2021 டிசம்பர் 30 அன்று முன்னறிவிப்பை மீறிச் சென்னையின் சில இடங்களில் 20 செ.மீ.க்கு மேல் கொட்டியபோது, மேகம் திரண்ட பிறகுதான் ரேடாரால் காட்ட முடிந்தது. என்னைக் கேட்டால், முதல் ஒன்றிரண்டு மணி நேரத்துக்கு ரேடார் படத்தின் நகர்வையும் அதற்குப் பிறகு மாதிரியையும் நம்புவேன். துளி அளவுச் சிக்கலைக் குறைக்க இப்போது கைகொடுப்பது இரட்டை முனைவாக்க ரேடார்: விழும் துளி பெரிதாக ஆகத் தட்டையாவதால், கிடையாகவும் செங்குத்தாகவும் அதிரும் இருவகை அலைகளின் எதிரொலிப்பை ஒப்பிட்டு, 40 டிபிஇசட்டைத் தந்தவை பெரிய துளிகளா சிறியவையா என்று பிரித்தறிந்து, பொருத்தமான சமன்பாட்டைத் தேர்ந்தெடுக்க முடிகிறது.